கைகாவற் பால்மா: குழந்தையுணவுப் பண்டமொன்றின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

பிறக்கவிருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலையே ஊட்டுவதென முடிவுசெய்துகொண்ட பெண்ணொருத்தி, பால் போதாமற் போய்விடுமோ என்னும் ஐயத்தினால், கைகாவலாகப் பால்மா ரின் ஒன்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது இன்று பல நாடுகளில் மத்தியதர வர்க்கக் குடும்பங்களிடையே வழக்கமாகியுள்ளது. எந்தப் பால்மா சிறந்தது, எவ்வளவு வாங்குவது என்பனவே அவ்வேளையில் எழும் வினாக்கள். இவை வைத்தியரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ கேட்டறிய வேண்டிய சொந்த விடயங்களாகவே தோன்றும். ஆயின், தனிமனிதத் தெரிவாகத் தோற்றமளிக்கும் ஒன்று எத்தகைய சமூக உறவுகளின் விளைபொருளாக அமைகின்றது என்பதை நோக்குவதே வரலாற்றாய்வின் பணியாகும். 'கைகாவல்' என்னும் எண்ணம் எப்பொழுது, எவருடைய நலன்களையொட்டி உருவாயிற்று என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

இவ்வினாவுக்கு விடைகாண முற்படுமிடத்து இரண்டு எளிய நிலைப்பாடுகளை நாம் விலக்கிக்கொள்ளுதல் வேண்டும். தாய்மையைத் தெய்வீகமெனப் போற்றி, பாலூட்டாத பெண்ணைப் பழிக்கும் பழமைவாதம் ஒன்று. போத்தலைப் பெண்விடுதலையின் சின்னமாகவும், பால்மாவை விஞ்ஞான முன்னேற்றத்தின் தவிர்க்கமுடியாத கொடையாகவும் காணும் நவீனத்துவ மயக்கம் மற்றது. ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினும் இரண்டும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: பாலூட்டும் பெண் உழைக்கும் பெண் என்பதையும், பால்மா இலாபத்துக்காக உற்பத்தி செய்யப்படும் பண்டம் என்பதையும் இரண்டுமே மறந்துவிடுகின்றன.

2

தாயின் பாலுக்கு மாற்றாக இன்னொரு பாலை நாடுதல் புதிய செய்தியன்று. பேற்றின்போது தாய் இறத்தல், நோய், வறுமை, குழந்தை கைவிடப்படல் ஆகியன இருந்த காலமெல்லாம் 'இரண்டாவது பால்' ஒன்றின் தேவையும் இருந்துவந்துள்ளது. நமது இலக்கிய மரபு பேசும் ஐவகைத் தாயருள் முலைத்தாயும் ஒருத்தி. மணிமேகலையில், ஈன்றவளாற் கைவிடப்பட்ட ஆபுத்திரனுக்கு ஏழு நாட்கள் பாலூட்டிக் காப்பது ஒரு பசு. இவ்விரு படிமங்களும் வேறுபட்ட சமூக அடித்தளங்களைக் கொண்டவை. முலைத்தாய் செல்வர் மனையில் மற்றொரு பெண்ணின் உடலுழைப்பு. பசுவோ கைவிடப்பட்டவனுக்கு இயற்கை அளித்த புகலிடம். எனினும் இரண்டிலும் இரண்டாவது பால் ஓர் உயிரினின்றும் நேரே வந்தது. இன்னும் அது சந்தைச் சரக்காகவில்லை.

ஐரோப்பாவிலே பாலூட்டும் செவிலியர் தொழில் கூலியுழைப்பாகப் பெருகியமை நன்கு ஆராயப்பட்ட விடயம். 1780ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரப் பொலிஸ் அதிபராயிருந்த லெனுவார் தந்த மதிப்பீட்டின்படி, அந்நகரில் ஆண்டுதோறும் பிறந்த ஏறத்தாழ 21,000 குழந்தைகளுள் தாயாரால் நேரே பாலூட்டப்பட்டவை ஆயிரம் அளவினவே. மிகப் பெரும்பாலானவை கிராமப்புறச் செவிலியரிடம் அனுப்பப்பட்டன. பிரபுக்களின் குழந்தைகள் மட்டுமல்ல, நாளெல்லாம் தொழில் செய்யவேண்டியிருந்த கைவினைஞர், சிறு வணிகர் ஆகியோரின் குழந்தைகளும் அவற்றுள் அடங்கும். செவிலி தன் பாலை விற்றபோது அவளுடைய சொந்தக் குழந்தை எதனை உண்டது என்பதே இவ்வமைப்பின் மறைக்கப்பட்ட வினா. இவ்வாறு அனுப்பப்பட்ட குழந்தைகளின் இறப்பு வீதம் மிக உயர்ந்திருந்தமையாலேயே, அவர்களை அரச மேற்பார்வையின்கீழ்க் கொணரும் ரூஸெல் சட்டம் 1874இல் பிரான்சில் நிறைவேற்றப்பட்டது.

3

இயந்திரக் கைத்தொழில் இந்நிலையை மேலும் மாற்றியது. ஆலைக்குச் சென்ற தாய்க்குப் பணம் கொடுத்துச் செவிலியை அமர்த்தும் வசதி இருக்கவில்லை. குழந்தை அயலாரிடம் விடப்பட்டது, மாக்கஞ்சி ஊட்டப்பட்டது, அழுகையை அடக்க 'கொட்ஃபிறியின் கோடியல்' எனப்பட்ட அபின் கலந்த மருந்து புகட்டப்பட்டது. மூலதனத்தின் முதற்பாகத்தில் இயந்திரங்கள் பற்றிய அதிகாரத்தில், மார்க்ஸ் ஓர் அடிக்குறிப்பில் தரும் செய்தி இவ்விடத்தில் மிகவும் மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்க உள்நாட்டுப் போர் காரணமாகப் பருத்தி வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டபோது, தொழிலாளரின் உடல்நிலையை ஆராய எட்வேட் ஸ்மித் என்னும் மருத்துவரை ஆங்கில அரசு அனுப்பிற்று. வேலையிழப்பு பட்டினியைக் கொணர்ந்ததாயினும், குழந்தைகளுக்கு அபின் மருந்து கொடுப்பதை விட்டு மார்பிலே பாலூட்டத் தாய்மாருக்கு இப்பொழுது நேரம் கிடைத்தது என அவர் அறிவித்தார். உழைப்பாளியின் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைப்பதற்கு முதலாளித்துவம் நெருக்கடிக்குள்ளாக வேண்டியிருந்தது என்னும் கொடிய முரண்நகையை மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். பால் வற்றியமைக்குக் காரணம் தாயின் உடலன்று, அவளுடைய வேலைநாளே என்பது இதனாற் பெறப்படும் முடிவு.

இதே பத்தாண்டிலேயே செயற்கைக் குழந்தையுணவும் பிறந்தது. ஜேர்மானிய இரசாயனவியலாளர் யுஸ்ரஸ் வொன் லீபிக் 1865இல் பசும்பால், கோதுமை மா, முளைத்தானிய மா, பொட்டாசியம் பைகாபனேற்று ஆகியன சேர்ந்த உணவொன்றை வெளியிட்டார். 1866இல் அமெரிக்கச் சகோதரர்களான பேஜ் என்போர் சுவிற்சர்லாந்தில் 'ஆங்கிலோ-சுவிஸ்' கட்டிப்பால் நிறுவனத்தை அமைத்தனர். 1867இல் அதே நாட்டின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே தமது பால்மா உணவை விற்பனைக்குக் கொணர்ந்தார். இவ்விரு நிறுவனங்களும் 1905இல் ஒன்றிணைந்தன. மூலதனத்தின் முதற்பாகம் வெளியானதும் 1867இலேயே என்பது தற்செயல் நிகழ்வே. ஆயினும், குழந்தையின் பசி பண்டமாற்றம் பெற்ற காலமும் பண்டத்தின் இயல்பு விஞ்ஞானபூர்வமாக விளக்கப்பட்ட காலமும் ஒன்றாக அமைந்தமை கருதத்தக்கது.

நெஸ்லேயின் மா முதலிற் புகழ்பெற்றது, குறைமாதத்திற் பிறந்து தாய்ப்பாலையும் ஏற்கமுடியாதிருந்த குழந்தையொன்று அதனாற் பிழைத்தமையினாலேயே. ஆகவே, அதன் பயன்பெறுமதியை நாம் மறுப்பதற்கில்லை. தாயை இழந்த குழந்தைக்கு அது உயிர். ஆனால் தாய்ப்பாலை உண்ணவே இயலாத குழந்தைகள் எக்காலத்திலும் சிறு தொகையினரே. பண்டத்தின் மாற்றுப்பெறுமதியோ எல்லையற்ற சந்தையை வேண்டி நிற்பது. இம்முரண்பாடு எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதிலேதான் கைகாவலின் வரலாறு அடங்கியுள்ளது. முதலில், தாய்ப்பால் 'இயலாத' குழந்தைக்கென விற்கப்பட்டது. பின்னர், தாய்ப்பால் 'போதாத' குழந்தைக்கென விற்கப்பட்டது. இறுதியில், 'போதாமற் போகக்கூடிய' குழந்தைக்கென விற்கப்படலாயிற்று. இயலாமை ஓர் உண்மை. போதாமை ஓர் ஐயம். போதாமற் போகக்கூடும் என்பதோ எல்லாத் தாய்மாருக்கும் பொதுவான அச்சம். மூன்றாம் நிலையை எய்தியபோது, தாய்ப்பாலூட்டத் திட்டமிடும் பெண்ணும் வாடிக்கையாளராகிவிட்டாள்.

4

இப்பண்டம் குடியேற்ற நாடுகளுள் நுழைந்தபோது அதன் கோரமுகம் வெளிப்பட்டது. மேற்காபிரிக்காவின் கோல்ட் கோஸ்டிற் பணியாற்றி, குவாஷியோகர் என்னும் ஊட்டக்குறை நோயை 1933இல் மருத்துவ உலகுக்கு விவரித்த சிசிலி வில்லியம்ஸ் பின்னர் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். இனிப்பூட்டிய ரின்பால் குழந்தைகளுக்கு உகந்ததெனத் தாதியுடை தரித்த விற்பனைப் பெண்கள் மூலம் பரப்பப்படுவதையும், அதனை உண்ட குழந்தைகள் நோயுற்று இறப்பதையும் அவர் அங்கு கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரொட்டறிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் அவர் ஆற்றிய உரை, இத்தகைய தவறான பிரசாரத்தால் விளையும் சாவுகளைக் கொலையாகவே கொள்ளவேண்டுமென வாதிட்டது. ஆட்சியாளரின் மருத்துவ சேவையைச் சேர்ந்த ஒருவரே, வணிகர் பலர் கூடும் அவையில் இதனைக் கூறினார் என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் உலகப் போரின் பின் மேற்குநாடுகளிற் பிறப்பு வீதம் வீழ்ச்சியடையத் தொடங்கியதும், நிறுவனங்கள் ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்கச் சந்தைகளை மேலும் தீவிரமாக நாடின. சீருடையணிந்த 'பால் தாதியர்' பிரசவ விடுதிகளுட் புகுந்தனர். இலவச மாதிரி ரின்கள் வழங்கப்பட்டன. அந்த ஒரு ரின்னே கைகாவலின் மூலவடிவம். இலவச ரின் தீர்வதற்குள் தாயின் பால் குறைந்துவிடும். அடுத்த ரின்னை விலைகொடுத்து வாங்கியாக வேண்டும். கூலியிற் பெரும்பங்கை விழுங்கும் ரின்னை நீண்டநாள் வைத்திருக்க மாவைக் குறைத்து நீரைக் கூட்ட நேர்ந்தது, அந்நீரும் தூய்மையற்றிருந்தது. வயிற்றோட்டமும் ஊட்டக்குறையும் குழந்தைகளைப் பலிகொண்டன. வணிகத்தால் விளைந்த இவ்வூட்டக்குறையைக் குறிக்கத் தனிக் கலைச்சொல்லொன்றையே டெறிக் ஜெலிஃப் என்னும் குழந்தை மருத்துவர் ஆக்க நேர்ந்தது.

1974இல் மைக் முல்லர் எழுதி, பிரித்தானியாவின் 'வோர் ஒன் வோன்ற்' அமைப்பு வெளியிட்ட சிறுநூல் இவ்விடயத்தை உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தது. சுவிற்சர்லாந்திற் குழுவொன்று அதனை மேலும் கடுமையான தலைப்புடன் ஜேர்மன் மொழியில் வெளியிட, நெஸ்லே நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976இல் பேர்ண் நீதிமன்றம் தலைப்புத் தொடர்பாகக் குழுவினருக்குத் தலா 300 பிராங்க் தண்டம் விதித்தது; அதேவேளை, நிறுவனம் தனது விளம்பர முறைகளை அடிப்படையில் மீளாய்வு செய்யவேண்டுமென்றும் நீதிபதி குறிப்பிட்டார். 1977இல் ஐக்கிய அமெரிக்காவில் நெஸ்லேப் பொருட் பகிஷ்கரிப்பு ஆரம்பமாயிற்று. அடுத்த ஆண்டு செனற் விசாரணையின்போது, இவ்வியக்கம் 'சுதந்திர உலகின்' பொருளாதார முறைமைமீதான தாக்குதல் என நிறுவனத்தின் பிரதிநிதி கூறினார். அவ்வகையில் அவர் தமது வர்க்கத்தின் உள்ளத்தை ஒளிக்கவில்லை எனலாம். 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாற் பதிலீடுகளின் விற்பனை பற்றிய சர்வதேச ஒழுக்கக்கோவையை 118 வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஐக்கிய அமெரிக்கா. பகிஷ்கரிப்பு 1984இல் இடைநிறுத்தப்பட்டு, 1988இல் மீண்டும் தொடங்கப்பட்டது.

இலங்கை இவ்வொழுக்கக்கோவையைத் தழுவித் தனது கோவையை விரைவிலேயே வகுத்துக்கொண்ட நாடுகளுள் ஒன்று. இந்தியா 1992இற் தனிச் சட்டமியற்றிற்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 82 சதவீதத்தினர் தாய்ப்பாலை மட்டுமே பெற்றனர். இதனைப் 'பண்பாட்டின் பெருமை' என விளக்குதல் போதாது. 1926இல் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைமை, வீடுதேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், கட்டணமற்ற மருத்துவசேவை, விளம்பரக் கட்டுப்பாடு ஆகியவற்றின் கூட்டு விளைவே அது. பொதுச்சேவை எங்கு வலுவுற்றிருந்ததோ அங்கு அச்சத்தை விற்பது அரிதாயிற்று.

5

இனி, கைகாவலை அதன் உள்ளியக்கத்தில் நோக்குவோம். இறைக்கிற கிணறே ஊறும் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பாற்சுரப்பின் விதியும் அதுவே. குழந்தை உறிஞ்சுவதன் தூண்டலாற் புறோலற்றின், ஒட்சிற்ரோசின் என்னும் ஓமோன்கள் சுரக்கின்றன. மார்பிலிருந்து பால் வெளியேறுமளவுக்கே புதிய பால் உண்டாகின்றது. வெளியேறாது தேங்கின் சுரப்பு அடங்குகின்றது. முதல் இரண்டு மூன்று நாட்களிற் சீம்பால் சிறிதளவே சுரப்பதும், குழந்தையின் நிறை சற்றுக் குறைவதும், அது அடிக்கடி அழுவதும் இயல்பானவை. அலமாரியில் ரின் தயாராக இருக்குமாயின் அந்த அழுகை 'பால் போதாது' என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. போத்தல் கொடுக்கப்படுகின்றது, குழந்தை உறங்குகின்றது, மார்பு தூண்டப்படாமையாற் பால் குறைகின்றது, ஐயம் உறுதியாகின்றது. தான் காக்கவந்த ஆபத்தைத் தானே உண்டாக்கும் காவல் இது. இலவச மாதிரி ரின்னின் வணிக நுட்பம் முழுவதும் இவ்வுடலியல் உண்மையிலேயே தங்கியுள்ளது. ஒழுக்கக்கோவையைச் சட்டமாக்காத ஐக்கிய அமெரிக்காவிற் கர்ப்பிணிகளின் முகவரிக்கே மாதிரி ரின்கள் தபாலில் அனுப்பப்படுவதன் காரணமும் இதுவே.

ஆயின் இதிலிருந்து, எந்நிலையிலும் பால்மா தீதே என்னும் முடிவுக்கு வருதல் இயங்கியல் நோக்காகாது. கடுமையான இரத்தப்போக்கு, மார்புச் சத்திரசிகிச்சை, சுரப்பிழையங்களின் குறைபாடு முதலியவற்றாற் பால் உண்மையிலேயே போதாத தாய்மார் உளர். குழந்தை நீரிழந்து, குருதியில் வெல்லம் குறைந்து ஆபத்துக்குள்ளாகும் நிலைகளும் உண்டு. அத்தருணங்களிற் பால்மாவை மறுப்பது கொள்கைப்பிடிப்பன்று, கொடுமை. நிறை கூடுதலாகக் குறைந்த குழந்தைகளுக்குச் சின்னாட்கள் மட்டும் மிகச் சிறிதளவு பால்மா கொடுப்பது தாய்ப்பாலூட்டலைப் பாதிக்காது, உதவவும் கூடும் என 2013இல் வெளியான சிற்றாய்வொன்று காட்டிற்று. பின்வந்த பெரிய ஆய்வு அப்பயனை மீண்டும் காட்டவில்லை. விவாதம் முடியவில்லை, ஆனால் அளவும் காலமும் வரையறுத்து மருத்துவக் கண்காணிப்பிற் கொடுப்பதும், அச்சத்தால் அலமாரியைத் திறப்பதும் ஒன்றல்ல என்பது தெளிவு.

எனவே தெரிவு பற்றிய வினாவுக்கும் நாம் முகங்கொடுத்தல் வேண்டும். கைகாவலின் வரிசை உலக சுகாதார நிறுவனத்தாற் கூறப்பட்டுள்ளது: முதலிற் தாயின் கறந்தெடுத்த பால், அடுத்து வேறொரு தாயின் பால் அல்லது பால்வங்கியின் பால், அதன்பின்னரே பால்மா. மருந்துக்கடை அண்மையிலிருக்கும் நகரவாசி முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டிய தேவை அரிது; போக்குவரத்தற்ற ஊரிலுள்ளோரின் நிலை வேறு. வாங்க நேரின், பிறந்த குழந்தைக்குரிய பசும்பாலடிப்படையிலான முதற்பருவப் பால்மாவே போதும். 1981இல் வகுக்கப்பட்ட கோடெக்ஸ் நியமம் இவற்றின் சேர்மானத்தை வரையறுத்துள்ளமையால், விலைகூடிய ரின்னுக்கும் குறைந்த ரின்னுக்குமிடையே உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி விளம்பரச் செலவே. ஆறு மாதத்தின் பின்னெனக் கூறி விற்கப்படும் தொடர்பருவப் பால்மா அவசியமற்றதென உலக சுகாதார நிறுவனம் 2013இல் தெளிவாக அறிவித்தது. மேலும், பால்மா கிருமியற்ற பொருளன்று. கொதித்தாறிய, ஆயினும் 70 பாகை செல்சியசுக்குக் குறையாத நீரிற் கரைத்து, பின் ஆறவைத்து ஊட்டவேண்டும். அளவுக் கரண்டியின் கணக்கை மாற்றலாகாது. சூப்பிப் போத்தலிலும் கழுவுதற்கெளிய சிறு கிண்ணம் நன்று.

இப்பண்டத்தை நம்பியிருத்தலின் ஆபத்தையும் வரலாறு காட்டியுள்ளது. 1978–79இல் ஐக்கிய அமெரிக்காவில் உப்பு நீக்கப்பட்ட சோயாப் பால்மாவால் குழந்தைகள் குளோரைட் குறைபாட்டுக்குள்ளாயினர். 1980இன் குழந்தைப் பால்மாச் சட்டம் அதன் விளைவு. 2008இற் சீனாவில் மெலமைன் கலந்த பால்மாவால் ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டு, ஆறு குழந்தைகள் இறந்தனர். 2022இல் மிச்சிக்கன் மாநிலத் தொழிற்சாலையொன்று மூடப்பட்டதும் உலகின் மிகச் செல்வந்த நாட்டிலேயே பால்மாத் தட்டுப்பாடு ஏற்பட்டது. சில நிறுவனங்களே சந்தையை ஆண்டமையே காரணம். நமது நாட்டிலும் 2021, 2022ஆம் ஆண்டுகளின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது இறக்குமதிப் பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றமையை நாமறிவோம்.

6

இறுதியாக, நாம் தொடங்கிய இடத்துக்கு, அதாவது உழைக்கும் பெண்ணின் வேலைநாளுக்கு, மீள்வோம். குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே ஊட்டவேண்டுமென 2001 முதல் உலக சுகாதார நிறுவனம் கூறிவருகின்றது; அது ஏறத்தாழ 180 நாட்கள். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டமும் அதன் திருத்தங்களும் இலங்கையின் தனியார்துறைத் தொழிலாளப் பெண்ணுக்கு அளிப்பது 12 வாரங்கள், அதாவது 84 நாட்கள். மூன்றாவது குழந்தை முதலாக 42 நாட்களாய்க் குறைக்கப்பட்டிருந்த உரிமை 2018இலேயே எல்லாப் பேறுகளுக்கும் சமமாக்கப்பட்டது. சர்வதேச தொழில் நிறுவனத்தின் 2000ஆம் ஆண்டுச் சமவாயம் கோரும் 14 வாரங்களிலும் இது குறைவு. 84 நாட்களுக்கும் 180 நாட்களுக்குமிடையே உள்ள இடைவெளியை யார் நிரப்புவது? ரின் நிரப்புகின்றது.

பாலூட்டும் இடைவேளைகளைச் சட்டம் அளித்துள்ளது உண்மையே: ஒன்பது மணிநேர வேலைக்கு இரண்டு இடைவேளைகள், பிள்ளைமடுவம் இருப்பின் அரைமணி வீதம், இல்லையெனின் ஒருமணி வீதம். ஆனால் மலையகத் தோட்டத்தில் அன்றைய கொழுந்து நிறையாற் கூலி நிர்ணயிக்கப்படும் பெண், மலைச்சரிவிலிருந்து பிள்ளைமடுவத்துக்கு இறங்கி ஏறும் ஒவ்வொரு நிமிடத்தையும் தன் கூலியினின்றும் செலுத்துகிறாள். ஏட்டிலுள்ள உரிமைக்கும் மலையிலுள்ள நிறைத்தராசுக்குமிடையே அவளுடைய பால் வற்றுகின்றது. 1860களின் லங்காஷயருக்கும் இன்றைய நமது தோட்டங்களுக்கும் இடைப்பட்ட தூரம் நாம் எண்ணுமளவு பெரிதன்று.

ஆண்டுக்கு 55 பில்லியன் அமெரிக்க டொலர் பெறுமதியான சந்தை இன்று இவ்விடைவெளியிலும் அச்சத்திலும் வளர்ந்து நிற்கின்றது. இதற்கெதிராகத் தாய்மாருக்கு அறிவுரை கூறுவது மட்டும் போதாது. கூறுவோர் பலவேளைகளில் அத்தாய்மாரின் வேலைநாளை அறியாதவர்கள். பால்மா ரின்னை வாங்கிவைக்கும் பெண்ணை நாம் குறைகூறவில்லை. சமூகம் தரத்தவறிய பாதுகாப்பை அவள் கடையில் வாங்க முயல்கிறாள். ஆறு மாத முழுச்சம்பள விடுமுறை, கூலி குறையாத பாலூட்டும் இடைவேளை, வேலைத்தலப் பிள்ளைமடுவம், பேற்றின் பின் முதல் வாரத்தில் வீட்டுக்கே வந்து கைதரும் குடும்பநல உத்தியோகத்தர், மனிதப் பால்வங்கி, உண்மையில் தேவைப்படும் குழந்தைக்கு விளம்பரப் பெயரற்ற தரமான பால்மாவை நியாய விலையில் வழங்கும் அரச ஏற்பாடு ஆகியவையே மெய்யான கைகாவல்கள். செனக்க பிபிலேயின் வழிகாட்டலில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவி, மருந்துகளை வணிகப் பெயர்களின் பிடியிலிருந்து விடுவிக்க முயன்ற நாட்டில் இக்கோரிக்கை கற்பனையாகாது. அதனைத் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிற் சேர்ப்பதே நம்முன் உள்ள பணி.